நீதியின் சாட்சிகள்: அமெரிக்கப் பயணத் தடை தரும் படிப்பினை





அமெரிக்கா என்ற பெயரைக் கேட்டவுடன் நம் இல்லங்களில் இரண்டு விதமான பேச்சு எழுவதைக் காண்கிறோம். அங்குள்ளோர் யாவரும் இஸ்லாத்தின் விரோதிகள் என்பார் ஒருவர். அது சட்டமும் சுதந்திரமும் ஆட்சி செய்யும் நாடு, அங்கே அநீதிக்கு இடமேயில்லை என்பார் மற்றொருவர். இரண்டுமே நிறுத்துப் பார்க்காமல் சொல்லப்படும் தீர்ப்புகள். ஈமான் கொண்டவரின் கையில் அல்லாஹ் ஒரு தராசைத் தந்திருக்கிறான். அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம், நமக்கும் நம் பெற்றோருக்கும் உற்றாருக்கும் பாதகமாக முடிந்தாலும் நீதியில் உறுதியாக நின்று அல்லாஹ்வுக்காகச் சாட்சி கூறும்படி நம்மைப் பணிக்கிறது. அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனமோ, ஒரு கூட்டத்தார் மீது நமக்குள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்று எச்சரிக்கிறது.

முதல் வசனம் பாசம் நம் கண்ணை மறைப்பதைத் தடுக்கிறது. இரண்டாவது வசனம் பகை நம் கண்ணை மறைப்பதைத் தடுக்கிறது. இந்த இரண்டையும் முன்வைத்து, அமெரிக்காவில் முஸ்லிம்களைப் பெரிதும் பாதித்த ஒரு விவகாரத்தை ஆராய்வோம். முஸ்லிம்களுக்கு எதிரான தடை என்று உலகம் அழைத்த அந்தப் பயணத் தடை எவ்வாறு பிறந்தது? நீதிமன்றம் அதனை எவ்வாறு அனுமதித்தது? அப்போது நமக்காக எழுந்து நின்றவர்கள் யார்? அவர்களைப் பார்த்து நாம் கற்க வேண்டியது என்ன?

ஒரு வெள்ளிக்கிழமை பிறந்த ஆணை

2015 டிசம்பர் 7ஆம் நாள், அதிபர் தேர்தலில் போட்டியிட முனைந்திருந்த டொனால்ட் டிரம்ப், முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதை முற்றிலுமாகத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று எழுத்து மூலம் அறிக்கை விடுத்தார். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் தம்பதியர் இருவர் நடத்திய கொலைவெறித் தாக்குதலுக்குச் சில நாள்கள் கழித்து வந்த அறிக்கை அது. இருவர் செய்த பாவத்திற்காக ஒரு சமுதாயம் முழுவதையும் வாசலில் நிறுத்த வேண்டும் என்பதே அதன் கருத்து. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்று திருக்குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் அடிப்படைக்கு இது நேர் எதிரானது.

2017 ஜனவரி 20ஆம் நாள் அவர் பதவியேற்றார். ஒரு வாரம் கழிந்தது. ஜனவரி 27, வெள்ளிக்கிழமையன்று ஆணையில் கையெழுத்திட்டார். ஈரான், ஈராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, யமன் ஆகிய 7 நாடுகளின் மக்கள் 90 நாள்களுக்கு அமெரிக்காவுக்குள் வரக் கூடாது. அகதிகளை ஏற்கும் திட்டம் 120 நாள்களுக்கு நிறுத்தப்படும். சிரியா அகதிகளுக்குக் காலவரையின்றிக் கதவு மூடப்படும் என்றது அந்த ஆணை. அந்த ஆண்டு ஏற்கப்பட வேண்டிய அகதிகளின் உச்ச எண்ணிக்கையும் 1,10,000 என்பதிலிருந்து 50,000 ஆகக் குறைக்கப்பட்டது.

ஆணை கையெழுத்தான வேளையில் பலர் விமானத்தில் பறந்துகொண்டிருந்தனர். முறையான விசாவுடன் புறப்பட்டவர்கள், தரையிறங்கியபோது தடுத்து நிறுத்தப்பட்டார்கள். அவர்களுள் ஈராக்கில் அமெரிக்கப் படைக்கே பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஒருவரும் இருந்தார். 60,000க்குச் சற்றுக் குறைவான விசாக்கள் செல்லாமற்போயின என்று அந்நாட்டு வெளியுறவுத் துறையே பின்னர் தெரிவித்தது. மகளின் பிரசவத்திற்குப் புறப்பட்ட தாய், படிப்பைத் தொடரத் திரும்பிய மாணவர், மருத்துவமனையில் பணியேற்க வேண்டிய மருத்துவர் என இத்தகைய பயணங்களில் ஒவ்வொரு விசாவின் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீதிமன்றங்களின் வாசலில்

மறுநாளே நியூயார்க் நகரின் புரூக்லின் பகுதியிலுள்ள கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ஆன் டொனெல்லி, தடுத்து வைக்கப்பட்டவர்களைத் திருப்பியனுப்பக் கூடாது என்று இடைக்கால உத்தரவிட்டார். ஜனவரி 30ஆம் நாள், பொறுப்பு அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்த சாலி யேட்ஸ், இந்த ஆணையை ஆதரித்து அரசு வழக்கறிஞர்கள் வாதாடக் கூடாது என்று அறிவித்தார். அன்றிரவே அவர் பதவி நீக்கப்பட்டார். பிப்ரவரி 3ஆம் நாள் சியாட்டில் நகர நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட், நாடு முழுவதும் ஆணையை நிறுத்திவைத்தார். டிரம்பின் அதே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜார்ஜ் புஷ் அதிபராக இருந்தபோது நியமிக்கப்பட்டவர் இவர்.

அரசு பின்வாங்கவில்லை. 2017 மார்ச்சில் ஈராக்கை நீக்கி இரண்டாவது ஆணை வந்தது. அதையும் ஹவாய், மேரிலாந்து நீதிபதிகள் தடுத்தனர். செப்டம்பர் 24ஆம் நாள் மூன்றாவது வடிவம் வந்தது. இதில் சூடான் நீக்கப்பட்டு, சாட் சேர்க்கப்பட்டது. முஸ்லிம் நாடுகளல்லாத வட கொரியாவும், வெனிசுலாவின் சில அரசு அதிகாரிகளும் பட்டியலில் இடம்பெற்றனர். ஹவாய் மாநில அரசும், அங்குள்ள முஸ்லிம் சங்கமும், அந்தப் பள்ளிவாசலின் இமாமும் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. சிரியாவிலிருந்த தம் மாமியார் வந்து குடும்பத்துடன் சேர முடியவில்லை என்பது அந்த இமாமின் முறையீடு.

2018 ஜூன் 26ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. 9 நீதிபதிகளில் 5 பேர் தடை செல்லும் என்றனர். 4 பேர் மறுத்தனர். பெரும்பான்மையினரின் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் சொன்ன காரணங்களையும் நாம் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். வெளிநாட்டவரின் வருகையைத் தடுக்கச் சட்டம் அதிபருக்கு விரிவான அதிகாரம் தந்திருக்கிறது. ஆணையின் வாசகத்தில் மதம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அரசுத் துறைகளின் ஆய்வுக்குப் பின்னரே நாடுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தடைக்குள்ளானோர் உலக முஸ்லிம்களில் 8 சதவீதத்தினரே. இந்நாடுகள் முந்தைய ஆட்சிகளாலும் பாதுகாப்புக் காரணங்களுக்காகக் குறிக்கப்பட்டவை. இவையே அவர்களின் வாதம்.

மறுத்தெழுதிய நீதிபதி சோனியா சொட்டோமேயர், ஆணையை மட்டும் படித்தால் போதாது, அதற்கு முன் அதிபர் வெளிப்படையாகப் பேசிய பேச்சுகளையும் படிக்க வேண்டும் என்றார். அவற்றைப் படிக்கும் எந்த நடுநிலையாளரும் முஸ்லிம்கள் மீதான பகைமையே இந்த ஆணைக்கு உந்துதல் என்ற முடிவுக்கே வருவார் என்று வாதிட்டார். நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அவருடன் உடன்பட்டார்.

வாசகமும் எண்ணமும்

இந்த வழக்கின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற நபிமொழியை நம் மதரஸாக்களில் சிறு பிள்ளையும் அறியும். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பை அந்த நபிமொழியைக் கொண்டே தொடங்கியுள்ளார்கள். இங்கே ஒரு கேள்வி எழலாம். உள்ளத்தில் இருப்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். வெளிப்படையானதைக் கொண்டுதானே மனிதர்கள் தீர்ப்பளிக்க முடியும்? உண்மைதான். இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் அதனையே சொல்கிறார்கள். ஆனால் இந்த விவகாரத்தில் எண்ணம் உள்ளத்தில் மறைந்திருக்கவில்லை. மேடையில் சொல்லப்பட்டது, எழுதி வெளியிடப்பட்டது. ஊரறியச் சொன்ன சொல்லை, ஆணையில் எழுதவில்லை என்பதற்காக இல்லாத சொல்லாகக் கொள்வது எப்படி நீதியாகும்?

வாசகத்தில் பெயரில்லை என்பதால் அநீதி இல்லை என்றாகிவிடாது. இதற்கு அமெரிக்காவின் வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. அந்தச் சாட்சி ஒரு முஸ்லிம் அல்லர்.

பெயர் சொல்லாத இன்னோர் ஆணை

1941 டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. சரியாக 74 ஆண்டுகள் கழித்து அதே தேதியில்தான் முஸ்லிம்களைத் தடுக்க வேண்டும் என்ற அறிக்கை வெளிவந்தது என்பது கவனிக்கத்தக்கது. தாக்குதல் நடந்து பத்து வாரங்களில், 1942 பிப்ரவரி 19ஆம் நாள், அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். அந்த ஆணையில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது. குறிப்பிட்ட இராணுவப் பகுதிகளிலிருந்து எவரையும் வெளியேற்றலாம் என்று மட்டுமே அது கூறியது. ஆனால் அதன் பெயரால் மேற்குக் கடற்கரையிலிருந்து வீடும் கடையும் நிலமும் இழந்து முள்வேலி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்! கைக்குழந்தைகளும் முதியவர்களும் அதில் அடங்குவர்.

கலிபோர்னியாவில் பிறந்த பிரெட் கோரமட்சு என்ற இளைஞர் வெளியேற மறுத்தார். கைதானார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1944 டிசம்பர் 18ஆம் நாள் 6 நீதிபதிகள் அவருக்கு எதிராகவும் 3 நீதிபதிகள் அவருக்கு ஆதரவாகவும் தீர்ப்பளித்தனர். மறுத்தெழுதியவர்களில் ஒருவரான நீதிபதி பிராங்க் மர்பி, இது இனவெறி என்று பெயர் சொல்லியே கண்டித்தார். மற்றொருவரான ராபர்ட் ஜாக்சன், இத்தகைய தீர்ப்பு குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் போன்றது, அவசரத் தேவை என்று சொல்லிக்கொண்டு வரும் எந்த அதிகாரியும் அதைக் கையிலெடுக்கலாம் என்று எச்சரித்தார்.

உண்மை வெளிவர நாற்பது ஆண்டுகள் ஆயின. ஜப்பானிய அமெரிக்கர்களால் ஆபத்து இல்லை என்று காட்டும் ஆவணங்களை அரசு நீதிமன்றத்திடம் மறைத்திருந்தது பின்னர் வெளிப்பட்டது. 1983இல் கோரமட்சுவின் தண்டனையைச் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றம் ரத்து செய்தது. இன வெறுப்பு, போர்க்கால வெறி, அரசியல் தலைமையின் தோல்வி ஆகிய மூன்றுமே அந்தக் கொடுமைக்குக் காரணம் என்று நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு கண்டறிந்தது. 1988இல் அதிபர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி அரசு மன்னிப்புக் கோரியது. உயிருடன் இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்க முன்வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் மறைந்துவிட்டிருந்தனர்.

காயம் பட்டவர் நமக்காகப் பேசினார்

இங்குதான், அன்பர்களே, நாம் நின்று சிந்திக்க வேண்டும். தம் வழக்கு வென்ற பின் கோரமட்சு ஓய்ந்து உட்கார்ந்திருக்கலாம். உரிய கௌரவமும் கிடைத்திருந்தது. ஆனால் 2001 செப்டம்பர் 11க்குப் பின், குவாண்டனாமோ முகாமில் விசாரணையின்றி அடைக்கப்பட்ட முஸ்லிம்களுக்காக, 84 வயதில் அவர் உச்ச நீதிமன்றத்தில் கருத்துரை தாக்கல் செய்தார். எங்களுக்கு நேர்ந்தது இவர்களுக்கு நேரக் கூடாது என்பதே அதன் சாரம். 2004 ஜூனில், அந்தக் கைதிகள் தம் சிறைவைப்பை எதிர்த்து அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்காடலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் அவர் மறைந்தார். பயணத் தடை வழக்கு வந்தபோது, அவருடைய மகளும், அன்று அவரைப் போலவே வழக்காடிய ஹிராபயாஷி, யசூயி ஆகியோரின் பிள்ளைகளும் முஸ்லிம்களுக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் கருத்துரை தந்தார்கள்.

இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். 2001இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த நார்மன் மினெட்டா, சிறுவனாக இருந்தபோது வயோமிங் மாநில முகாம் ஒன்றில் குடும்பத்துடன் அடைக்கப்பட்டவர். கோபுரங்கள் வீழ்ந்த அந்த நாள்களில், முஸ்லிம்களையும் அரபுகளையும் தனியே பிரித்துச் சோதிக்க வேண்டும் என்ற கூச்சல் எழுந்தபோது, இனத்தையும் மதத்தையும் கொண்டு பயணிகளை நடத்தக் கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

ஆயினும் எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை. 2002இல் 25 நாடுகளின் ஆண்கள் அரசு அலுவலகத்தில் நேரில் வந்து பதிந்துகொள்ள வேண்டும் என்ற திட்டம் வந்தது. அந்நாடுகளில் மிகப் பெரும்பாலானவை முஸ்லிம் நாடுகள். 80,000க்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று பதிந்தனர். தாமாக வந்து பதிந்தவர்களிலேயே 13,000க்கும் மேற்பட்டோர் மீது நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கப்பட்டது. பயங்கரவாதக் குற்றத்திற்காக ஒருவரைக்கூடத் தண்டிக்க அந்தப் பதிவேடு உதவவில்லை. 2011இல் நிறுத்தப்பட்ட அத்திட்டத்தின் விதிகள் 2016 டிசம்பரில் நீக்கப்பட்டன.

தொழ இடம் தந்தவர்கள்

2017 ஜனவரி இறுதியில் விமான நிலையங்களில் நடந்ததை உலகமே கண்டது. முன்பின் அறியாத முஸ்லிம் பயணிகளுக்காக வழக்கறிஞர்கள் தரையில் அமர்ந்து மனுக்கள் எழுதினார்கள். அவர்களில் யூதரும் கிறிஸ்தவரும் எம்மதத்தையும் ஏற்காதவரும் இருந்தனர். நியூயார்க்கின் டாக்சி ஓட்டுநர் சங்கம் ஒரு மணி நேரம் விமான நிலையத்திற்கு வண்டி ஓட்டுவதை நிறுத்தியது. பிப்ரவரி 2ஆம் நாள் அந்நகரின் யமன் வம்சாவளி மளிகைக் கடைக்காரர்கள் நண்பகலில் கடைகளை அடைத்துவிட்டுத் திரண்டு, புரூக்லினில் மஃரிப் தொழுகையைத் திறந்த வெளியில் நிறைவேற்றினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. ஒரு கல்லும் எறியப்படவில்லை.

ஆணை கையெழுத்தான சில மணி நேரத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் விக்டோரியா நகரப் பள்ளிவாசல் தீக்கிரையானது. அது வெறுப்பினால் வைக்கப்பட்ட தீ என்று பின்னர் நீதிமன்றம் உறுதி செய்து, தீ வைத்தவனுக்கு 24 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. பள்ளிவாசல் எரிந்துபோன அந்த முஸ்லிம்கள் எங்கே தொழுவது? அந்நகரின் சிறிய யூத சமூகத்தார் தங்கள் ஆலயத்தின் சாவியைக் கொண்டு வந்து முஸ்லிம்களின் கையில் கொடுத்தார்கள்!

இதற்கு முஸ்லிம்கள் நன்றி மறக்கவில்லை. 2018 அக்டோபர் 27ஆம் நாள், பிட்ஸ்பர்க் நகர யூத ஆலயத்தில் வழிபாட்டின்போது 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்தக் குடும்பங்களுக்காக அமெரிக்க முஸ்லிம்கள் சில நாள்களிலேயே 2,00,000 டாலருக்கு மேல் திரட்டித் தந்தார்கள். பாலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் கண்டித்துப் பேசும் அதே நாவு, வழிபாட்டிலிருந்த யூத முதியவர்கள் கொல்லப்பட்டதையும் கண்டித்தே ஆக வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விழுங்கும் நாவு நீதியின் சாட்சி அன்று.

அண்ணலார் காட்டிய தராசு

இது ஏதோ புதுக் காலத்தின் பெருந்தன்மை என்று எவரும் கருத வேண்டாம். மதீனாவில் ஒரு வீட்டில் கவசம் களவு போனது. களவாடியவன் முஸ்லிம் குலம் ஒன்றைச் சேர்ந்தவன். அதை ஒரு யூதரின் வீட்டில் போட்டுவிட்டுப் பழியை அவர் மீது சுமத்தினான். அவன் குலத்தார் பெருமானாரிடம் வந்து அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். அப்போது அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலான வசனங்கள் இறங்கி, அந்த யூதரின் நிரபராதத்தை நிலைநாட்டி, மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று தடுத்தன எனத் திருக்குர்ஆன் விரிவுரையாளர்கள் பலர் எடுத்துரைக்கின்றார்கள். யூதக் குலங்களுடன் பிணக்கு நிலவிய காலம் அது. அந்த வேளையிலும் ஒரு தனி மனிதரின் மீது வீண்பழி நிற்க அல்லாஹ் அனுமதிக்கவில்லை. அந்தத் தீர்ப்பைக் கியாமத் நாள் வரை தொழுகையில் ஓதப்படும் வேதமாகவும் ஆக்கிவிட்டான்.

நபித்துவத்திற்கு முன் மக்காவில் நடந்ததையும் நினைவுகூர்வோம். யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் பொருளை வாங்கிக்கொண்டு, மக்காவின் பெரும்புள்ளி ஒருவர் பணம் தர மறுத்தார். அந்நியருக்கு அங்கே குலமும் இல்லை, பலமும் இல்லை. அப்போது நல்லோர் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி, அநீதிக்குள்ளானவர் உள்ளூரார் ஆயினும் வெளியூரார் ஆயினும் அவருக்குத் துணை நிற்போம் என்று உடன்படிக்கை செய்தனர். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். அதில் பங்குகொண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும், அத்தகைய உடன்படிக்கைக்கு அழைத்தால் தாம் இணங்குவதாகவே கூறினார்கள். கூடியிருந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆனால் அவர்கள் கூடிய காரியம் நீதி.

அகதிகளாகச் சென்ற முதல் முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்தவரும் ஒரு கிறிஸ்தவ மன்னரே. குறைஷிகள் பரிசுகளுடன் வந்து, இவர்களைத் திருப்பி அனுப்புங்கள் என்றபோது, அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி என்ன செய்தார்? ஜஅஃபர் (ரலி) அவர்களை அழைத்து அவர்கள் தரப்பைக் கேட்டார். கேட்ட பின் பரிசுகளைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு தரப்பை மட்டும் கேட்டுக் கதவை மூடாமல், வந்தவரின் வாயால் அவர் வரலாற்றைக் கேட்பதே நீதியின் முதல் படி. 2017ஆம் ஆண்டின் ஆணையில் இல்லாமற்போனதும் அதுவே.

வட்டம் விரிகிறது

2018ஆம் ஆண்டின் அதே தீர்ப்பில், கோரமட்சு வழக்கின் தீர்ப்பு வழங்கப்பட்ட அன்றே பெருந்தவறு என்று தலைமை நீதிபதி எழுதினார். ஆயினும் அதற்கும் பயணத் தடைக்கும் தொடர்பில்லை என்றார். ஒரு பெருந்தவறை அகற்றிவிட்டு அதனிடத்தில் இன்னொன்றை வைக்கிறீர்கள் என்பதே சொட்டோமேயர் அளித்த மறுமொழி.

2021 ஜனவரி 20ஆம் நாள், பதவியேற்ற அன்றே அதிபர் ஜோ பைடன் தடையை நீக்கினார். இனி எந்த அதிபரும் மதத்தின் பெயரால் இவ்வாறு தடுக்க இயலாதபடி ஒரு மசோதா அவ்வாண்டு ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட் சபையில் நிறைவேறவில்லை. ஓர் அதிபரின் கையெழுத்து நீக்கியதை இன்னொரு கையெழுத்து மீண்டும் கொண்டுவர முடியும் என்ற நிலை நீடித்தது. அவ்வாறே, 2025இல் மீண்டும் பதவிக்கு வந்த டிரம்ப், ஜூன் 4ஆம் நாள் 12 நாடுகளுக்கு முழுத் தடையும் 7 நாடுகளுக்குப் பகுதித் தடையும் விதித்தார். டிசம்பரில் அந்தப் பட்டியல் மேலும் நீண்டது. ஆப்கானிஸ்தான், ஈரான், யமன், சோமாலியா ஆகியவற்றுடன் ஹைட்டி, மியான்மர், காங்கோ குடியரசு போன்ற நாடுகளும் அதில் இடம்பெற்றன. கவனியுங்கள்! முஸ்லிம்களுக்காகத் திறக்கப்பட்ட பள்ளத்தில் இப்போது பிறரும் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

2025 மார்ச்சில், பகை நாட்டவர் தொடர்பான 1798ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்று மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர், ஜெர்மானியர், இத்தாலியர் மீது பாய்ந்த சட்டம் அது. அச்சட்டத்தின் கீழும் குடியேற்றச் சட்டத்தின் கீழுமாக, இருநூறுக்கும் மேற்பட்ட வெனிசுலா நாட்டவர் எல் சால்வடோர் நாட்டின் பெருஞ்சிறைக்கு அனுப்பப்பட்டனர். குற்றக் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்றது அரசு. பழைய சட்டத்தின் கீழ் அனுப்பப்பட்டோருக்கு அதனை நீதிபதி முன் மறுத்துரைக்கும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. ஏப்ரல் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம், இச்சட்டத்தின் கீழ் எவரையும் அனுப்பும் முன் அவருக்கு அறிவிப்பும் வழக்காட வாய்ப்பும் தர வேண்டும் என்று கூறியது. அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆனால் ஜப்பானிய அமெரிக்கர்கள் மீண்டும் எழுந்து பேசினார்கள். இப்போது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: அந்தச் செய்தியைப் படித்தபோது நம் உள்ளம் துடித்ததா? அல்லது, நம்மவர் இல்லையே என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினோமா?

நம் இல்லங்களில்

நம் சமுதாயத்திற்கு அநீதி நேர்ந்தால் உலகம் மௌனம் காப்பதாக வேதனைப்படுகிறோம். அந்த வேதனை நியாயமானது. அந்த வேதனையே பிறருக்கு அநீதி நேரும்போது நம்மை மௌனமாக இருக்க விடக் கூடாது. இதற்கு நம் குடும்பங்கள் செய்யக் கூடியவை உண்டு.

முதலாவது, செய்தியைப் பிள்ளைகளுடன் அமர்ந்து படியுங்கள். ஆணையிட்ட அரசையும் அதனைத் தடுத்த நீதிபதியையும், தீ வைத்தவனையும் சாவி கொடுத்தவரையும், அமெரிக்கர் என்ற ஒரே சொல்லால் அளக்காமல் பிரித்தறியக் கற்றுக்கொடுங்கள். ஒருவர் செய்த குற்றத்திற்காக நம் சமுதாயத்தைப் பழிப்பது தவறென்றால், ஓர் அரசின் குற்றத்திற்காக ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் பழிப்பதும் தவறே.

இரண்டாவது, கேள்விப்பட்டதை வைத்து எவர் மீதும் பழி சொல்லாதீர்கள். நம் தெருவில் ஒரு களவு நடந்தால், ஊருக்குப் புதிதாக வந்தவரைத்தான் முதலில் சந்தேகிக்கிறோமா? அப்படியானால் நம் கையிலும் ஒரு சிறு தடையாணை இருக்கிறது. மதீனாவின் கவசத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அநீதி செய்பவன் நம்மவனே ஆனாலும் கையைப் பிடித்துத் தடுங்கள். அநீதியாளனான சகோதரனுக்கு எவ்வாறு உதவுவது என்று தோழர்கள் வினவியபோது, அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

பிரெட் கோரமட்சுவுக்கு நம் கலிமா தெரியாது. விக்டோரியா நகரில் சாவி கொடுத்தவருக்கு நம் கிப்லா வேறு. ஆயினும் நீதி தேவைப்பட்ட நேரத்தில் அவர்கள் நம் பக்கம் நின்றார்கள். நீதியின் சாட்சிகளாக நிற்குமாறு வேதத்தின் மூலம் கட்டளை பெற்ற சமுதாயமோ நாம். நாளை மஹ்ஷரில், உனக்கு அநீதி நேர்ந்தபோது அழுதாயே, பிறனுக்கு நேர்ந்தபோது எங்கிருந்தாய் என்று கேட்கப்பட்டால் நாம் என்ன மறுமொழி சொல்வோம்?

யா அல்லாஹ்! எங்கள் பாசமும் பகையும் எங்கள் தராசைச் சாய்த்துவிடாமல் காப்பாயாக! வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டோருக்கும், குடும்பத்தைப் பிரிந்து தவிப்போருக்கும், விசாரணையின்றிச் சிறையில் வாடுவோருக்கும், அவர்கள் எவராயினும், விடிவைத் தருவாயாக! அநீதியைக் கண்டபோது உனக்காகச் சாட்சி கூறும் துணிவை எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.